முப்பத்தெட்டாம் எண்ணும் தக்காளி நாற்றும்

ஏப்ரல் மாதம் இரண்டாவது ஞாயிறு காலை பத்தரை மணிக்கு லுசாபெரின் கைபேசி அடித்தது. அரைக்கை ரப்பர் உறையோடு அவள் வடிதாளில் படிந்த வெள்ளைத் துகளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கூடத்தில் அவளைத் தவிர யாருமில்லை. உறையைக் கழற்றி எடுப்பதற்குள் ஒருமுறை அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

"தெரெனிக் பேசுறேன். உங்க மருந்து என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுருச்சு, டாக்டரம்மா."

"என்ன ஆச்சு தெரெனிக்?"

"என்ன ஆச்சா? நாலாயிரம் நாத்து. நாலாயிரமும் சுருண்டு போய்க் கிடக்கு. இலையெல்லாம் கிழப்பூனைக் காது மாதிரி மடங்கிப்போச்சு. வந்து பாருங்க. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க, இந்த வருஷம் நான் எதை வித்து என் புள்ளைங்களுக்குச் சோறு போடணும்னு."

"நாலாயிரமா? நான் குடுத்தது ரெண்டு தட்டுக்குத்தானே..."

அவர் அதற்குள் வைத்துவிட்டார்.

லுசாபெர் சுவரில் சாய்ந்து நின்றாள். வடிதாளில் இருந்த துகள் காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கவனிக்க அவளுக்கு மனமில்லை.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. தலைநகர் யெரெவானில் அந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து பதினோரு வருடம். வேலை என்னவென்று கேட்கிறவர்களிடம், "வளையம் செய்கிறேன்" என்பாள். நகைக்கடையா என்று சிலர் கேட்டதுண்டு. கரி அணுக்கள் கைகோத்து நிற்கிற வட்டத்தில் ஓரிரு இடத்தில் நைட்ரஜன் புகுந்து நின்றுகொண்டால் அது பல்லினவளையச் சேர்மம். அப்படி இரண்டு வளையங்களை ஒன்றோடொன்று கோத்து, எந்தச் செடியும் இதுவரை பார்த்திராத பொருள்களைச் செய்வதுதான் அவள் வேலை. செய்து முடித்ததும் பக்கத்து அறையிலிருக்கும் ரிப்சிமேயிடம் கொடுப்பாள். ரிப்சிமே செடிக்காரி. அவரை விதையை அந்தக் கரைசலில் ஊறவைத்து, வேர் எத்தனை விரற்கடை போகிறதென்று அளவுகோல் வைத்துப் பார்ப்பாள். உலகமெல்லாம் வேர்விடப் பயன்படுத்துகிற பழைய மருந்து ஒன்று உண்டு. அதற்கு நூறு மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால், லுசாபெரின் வளையங்களில் பெரும்பாலானவை நாற்பது, ஐம்பதோடு நின்றுவிடும். சில விதையையே கொன்றுவிடும். முப்பத்தெட்டாம் எண் சேர்மம் மட்டும் நூற்று இருபத்தெட்டு வாங்கியது. அன்று ரிப்சிமே அளவுகோலை மேசையில் ஓங்கித் தட்டி, "லுசோ, இன்னைக்குக் காப்பி உன் கணக்கு" என்று கத்தினாள்.

அடுத்த படி, ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, உண்மையான பசுமைக்குடிலில், உண்மையான விவசாயி கையில் பார்ப்பது. அர்மாவிர் பக்கம் நாற்று வளர்த்து விற்கிற தெரெனிக்கை ரிப்சிமேதான் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு பக்க ஒப்பந்தம். இரண்டு தட்டு, இருநூறு விதை. ஊறவைக்க ஒரு கரைசல், முளைத்தபின் ஒருமுறை ஊற்றக் கொஞ்சம். அந்த இருநூறையும் விற்கக் கூடாது, அளந்து முடிந்ததும் அழித்துவிட வேண்டும். மார்ச் மாதத் தொடக்கத்தில் லுசாபெர் தன் கையாலேயே தராசில் நிறுத்து, கரைத்து, இரண்டு லிட்டர் போத்தலில் ஊற்றிக் கொடுத்தாள்.

தன் கையாலேயே நிறுத்து. அந்த நினைப்பு வந்ததும் அவள் மேசைக்கு ஓடிக் குறிப்பேட்டைப் புரட்டினாள். மார்ச் மூன்று. லிட்டருக்கு எத்தனை கிராம் என்று எடை எழுதிய இடத்தில் மை ஈரமாக இருக்கும்போதே ஏதோ சொட்டியிருந்தது. பூஜ்யம், புள்ளி, அதன்பின் ஒரு நீலக் கறை, இருபத்தைந்து. கறைக்கு அடியில் இன்னொரு பூஜ்யம் இருக்கிறதா இல்லையா என்று கண்ணாடி வைத்துப் பார்த்தும் தெரியவில்லை. அன்று மகள் பள்ளியிலிருந்து அழைத்து, வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டேன் என்று அழுதது நினைவிருந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கைபேசியை இடுக்கிக்கொண்டுதான் தராசு முன்னால் நின்றிருந்தாள்.

ஒரு பூஜ்யம் போனால் பத்து மடங்கு. வேரை வளர்க்கிற மருந்து பத்து மடங்கானால் களைக்கொல்லி. குழம்புக்கு உப்பு மாதிரித்தான். அளவோடு போட்டால் ருசி, அள்ளிக் கொட்டினால் வாயில் வைக்க முடியாது. இலை சுருளும், தண்டு முறுக்கிக்கொள்ளும், செடி தன் வேகத்திலேயே தான் செத்துப்போகும். தெரெனிக் சொன்னது அச்சு அசல் அதுதான்.

அவள் ஆய்வுக்கூடத் தலைவர் வாஹ்ராமை அழைத்தாள். மனிதர் நல்லவர்தான், ஆனால் மழை வருமுன்னே குடை விரிக்கிறவர்.

"போய்ப் பாரு. படம் எடு. ஒண்ணும் ஒத்துக்காதே" என்றார் அவர். "குறிப்பேட்டுக் கறையைப் பத்தி யாருகிட்டயும் மூச்சு விடாதே. நமக்கே தெரியாததை ஊருக்கு ஏன் சொல்லணும்?"

"தெரியாதுன்னு சொல்லலாமில்லையா?"

"லுசாபெர், உன் வலி எனக்கு வரட்டும், நீ ரசாயனக்காரி, பாதிரியார் இல்லை. பாவமன்னிப்பெல்லாம் வேண்டாம்." உன் வலி எனக்கு வரட்டும் என்பது அங்கே அன்பாகச் சொல்கிற பேச்சு.

மறுநாள் ரிப்சிமேயும் அவளும் அர்மாவிர் வேனில் ஏறினார்கள். ரிப்சிமே வழியெல்லாம் எதையோ பேசிக்கொண்டே வந்தாள். லுசாபெர் காதில் எதுவும் ஏறவில்லை. பாதாமிப் பழமரங்கள் பூ உதிர்த்து முடித்திருந்தன. வேன் நின்றபோது தெரெனிக் வாசலிலேயே கைகட்டி நின்றார். ஐம்பது வயது, கட்டைகுட்டையான உடம்பு, மூன்று நாள் தாடி. வாங்க என்றுகூடச் சொல்லாமல் திரும்பிப் பசுமைக்குடிலை நோக்கி நடந்தார். அந்த ஊரில் விருந்தாளியை வாங்க என்று கூப்பிடாமல் இருப்பது அடிப்பதற்குச் சமானம்.

உள்ளே புழுக்கமாக இருந்தது. நீள நீளமாக மேசைகள், அவற்றின்மேல் கறுப்புக் கோப்பைகளில் தக்காளி நாற்றுகள். அவர் மிகையாகச் சொல்லவில்லை. நுனி இலைகள் பெரணிக் குருத்துபோல உட்புறமாகச் சுருண்டிருந்தன. தண்டுகள் முறுக்கிய கயிறு மாதிரி. லுசாபெர் ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"கிள்ளிப் பாருங்க, கிள்ளிப் பாருங்க" என்றார் தெரெனிக். "உங்க புள்ளைங்கதானே, நீங்க பெத்தது. விரல் சொடுக்கினா வளரும்னீங்க. வளர்ந்துருக்கு, திருகாணி மாதிரி."

அவர் மனைவி நுனே கதவோரம் வந்து நின்றாள். ஒல்லியான, கூர்மையான கண்ணுள்ள பெண். கையில் மாவு ஒட்டியிருந்தது. "முதல்ல அவங்களை உக்காரச் சொல்லுய்யா" என்றாள்.

"உக்காந்துக்கிட்டு அழுறதா?"

லுசாபெர் கோப்பையை மேசையில் வைத்தாள். ரிப்சிமே அவள் முழங்கையை அழுத்தினாள். சொல்லாதே என்று அர்த்தம். லுசாபெர் அந்தக் கையை மெல்ல விலக்கினாள்.

"தெரெனிக், ஒண்ணு சொல்லணும். மருந்தை எடை போட்ட அன்னைக்கு என் கவனம் சரியா இல்லை. போன்ல பேசிக்கிட்டே எடை போட்டேன். எழுதி வச்ச எடையில மை சிந்தியிருக்கு. சரியாத்தான் போட்டிருப்பேன்னு நினைக்கிறேன். ஆனா பத்து மடங்கு போட்டிருக்கவும் வாய்ப்பிருக்கு. அப்படிப் போட்டிருந்தா செடி இப்படித்தான் சுருளும். அது என் தப்பா இருந்தா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

இப்படி ஒரு பேச்சைத் தெரெனிக் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குக் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தவன் எதிராளி கழுத்தை நீட்டினால் என்ன செய்வான்?

நுனேதான் பேசினாள். "அந்த அம்மா சொல்லிட்டாங்க. இப்ப நீ சொல்லு."

"நான் என்னத்தைச் சொல்ல?"

"நீ ஊத்தினதைச் சொல்லு. இல்லைன்னா நான் சொல்றேன்."

தெரெனிக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மெல்ல மெல்ல வந்தது கதை. அந்த இருநூறு நாற்றும் மூன்றாவது வாரத்தில் மற்றதைவிட ஒரு விரல் உயரம் நின்றன. தண்டு பென்சில் கனம். அவருக்கு ஆசை பிடித்துக்கொண்டது. போத்தலில் ஒரு லிட்டருக்குமேல் மீதி இருந்தது. நாற்றுகளைப் பெரிய கோப்பைக்கு மாற்றிய வாரமே, அதைத் தண்ணீரில் கலந்து நாலாயிரத்துக்கும் ஊற்றிவிட்டார்.

"ஒப்பந்தத்துல ரெண்டு தட்டுன்னு எழுதியிருந்ததே!" என்று ரிப்சிமே கத்தினாள். "நீ படிக்கத் தெரிஞ்சவன்தானே?"

"என் தலையில சாம்பல்" என்றார் தெரெனிக். "கண்ணு முன்னால அப்படி வளர்ந்து நின்னா எவன் காகிதத்தைப் பாப்பான்?"

லுசாபெருக்கு ஒரு கணம் சிரிப்பு வரப் பார்த்தது. இரண்டு குற்றவாளிகள் எதிரெதிரே நின்றுகொண்டிருந்தார்கள். யார் குற்றம் என்றுதான் தெரியவில்லை. ஆனால் ஒன்று உறுத்தியது. ஒரு லிட்டரை அத்தனை தண்ணீரில் கலந்து ஊற்றியிருந்தால், தான் பத்து மடங்கு போட்டிருந்தாலும்கூட, ஒவ்வொரு செடிக்கும் போனது சொற்பம். அந்தச் சொற்பம் இப்படி முறுக்குமா?

"போத்தல்ல ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

அடியில் இரண்டு விரற்கடை இருந்தது. நுனே கொண்டுவந்து கொடுத்தாள்.

ரிப்சிமே அதற்குள் மூச்சு முட்டுகிறதென்று வெளியே போயிருந்தாள். கொஞ்ச நேரத்தில் குடிலுக்குப் பின்புறமிருந்து அவள் குரல் வந்தது. "லுசோ! இங்கே வா. ஓடி வா."

பின்புறம் எருக்குவியல். ஆளுயரம். அதன் ஓரத்தில் கொடிப்பூண்டு முளைத்திருந்தது. அதன் நுனியும் தக்காளி மாதிரியே சுருண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கீரைச்செடி, அதுவும் முறுக்கிக்கொண்டு. ஆனால் அவற்றுக்கு நடுவிலேயே புல் மட்டும் நிமிர்ந்து, கரும்பச்சையாக, ராஜா மாதிரி நின்றது.

"இங்கே மருந்தை ஊத்தினியா?" என்று ரிப்சிமே கேட்டாள்.

"எருவுக்கு எதுக்கு மருந்து?" என்றார் தெரெனிக்.

"பெரிய கோப்பைக்கு மாத்துறப்போ மண்ணுல இந்த எருவைக் கலந்தியா?"

"மூணு பங்கு மண்ணு, ஒரு பங்கு எரு. எப்பவும் அப்படித்தான்."

"எப்பவும் இதே எருவா?"

"இல்ல, இந்த வருஷம் இவ தம்பி குடுத்தான். செரோப். சும்மாவே குடுத்தான், வண்டியில கொண்டுவந்து கொட்டினான்." தெரெனிக்கின் புருவம் சுருங்கியது. "ஏன், மாடு என்ன விஷமா போடுது?"

லுசாபெரும் ரிப்சிமேயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முட்செடியைக் கொன்று புல்லை விட்டுவிடுகிற களைக்கொல்லி ஒன்று உண்டு. அது தெளித்த வைக்கோலை மாடு தின்றால், மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. வயிற்றில் கரையாமல் அப்படியே சாணியில் இறங்கும். படித்திருக்கிறார்கள். கண்ணால் பார்த்ததில்லை.

லுசாபெர் அதைச் சொன்னதும் தெரெனிக்கின் முகத்தில் சந்தேகம் ஏறியது. "இப்பத்தான் தப்பு பண்ணியிருக்கலாம்னீங்க. அஞ்சு நிமிஷத்துல மாட்டு மேல பழி. நல்லா இருக்கு, உங்க வீடு நல்லா எழும்பட்டும்."

"நான் சொல்றதை நம்ப வேண்டாம்" என்றாள் லுசாபெர். "அவரை விதை சொல்லட்டும்."

ரிப்சிமேயின் பையில் அவரை விதை எப்போதும் இருக்கும். மற்றப் பெண்கள் கண்ணாடியும் சீப்பும் வைத்திருக்கிற மாதிரி. பன்னிரண்டு கோப்பை எடுத்தார்கள். மூன்றில் பாதாமித் தோப்பு மண், வெறும் தண்ணீர். மூன்றில் அதே மண், போத்தலில் மிச்சமிருந்ததில் பாதிக் கரைசல். மூன்றில் எருக் கலந்த மண், தண்ணீர். மூன்றில் எருவும் கரைசலும். அவரையைவிடக் கோழைச் செடி இல்லை. துளி விஷம் பட்டாலும் நெளிந்துவிடும். கோப்பைகளின் அடியில் நுனே மட்டும் எண் எழுதினாள், எந்த எண் எது என்று ஒரு தாளில் குறித்து இரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். எல்லாம் தெரெனிக்கின் வீட்டு ஜன்னலிலேயே இருக்கும். யெரெவானுக்கு ஒன்றும் போகாது.

"நீயும் பாக்கக் கூடாது" என்றாள் நுனே புருஷனிடம்.

"என் ஜன்னல்ல இருக்கிறதை நான் பாக்கக் கூடாதா?"

"செடியைப் பாரு. அடியைப் பாக்காதே."

கரைசலின் மறுபாதியோடு லுசாபெர் அன்று மாலையே ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினாள். ஒளியை ஊடுருவ விட்டு, எவ்வளவு விழுங்கப்படுகிறதென்று பார்த்து, கரைசலில் எத்தனை இருக்கிறதென்று சொல்லும் கருவி அங்கே உண்டு. புதிதாக மூன்று அளவுக் கரைசல் செய்து ஒப்பிட்டாள். இந்த முறை தராசு முன்னால் நின்றபோது கைபேசியை அடுத்த அறையில் பூட்டி வைத்திருந்தாள். கோடு ஏறி, ஒரு இடத்தில் நின்று, இறங்கியது. லிட்டருக்கு இருபத்தைந்து மில்லிகிராம். நம்பாமல் மறுபடி பார்த்தாள். இருபத்தைந்து. மூன்றாம் முறையும்.

தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் போய் உட்கார்ந்து அழுதாள். பூஜ்யம் அதன் இடத்தில்தான் இருந்திருக்கிறது, கறைக்கு அடியில், சாதுவாக. ரிப்சிமே காப்பி கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, "இது என் கணக்கு" என்று உட்கார்ந்தாள்.

ஆனாலும் பாதிப் பாரம்தான் இறங்கியது. எடை சரி. மருந்து சரியா? அவரை வேரை வளர்த்தது வளர்ந்த தக்காளியைச் சுருட்டாது என்று யார் சொன்னது? முப்பத்தெட்டாம் எண்ணை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். அதன் குணம் முழுக்க அவளுக்கே தெரியாது. பெற்ற பிள்ளை ஊரில் என்ன செய்துவிட்டு வந்ததோ என்று வாசலைப் பார்க்கிற தாய் மாதிரி அந்த இரண்டு வாரத்தையும் கழித்தாள்.

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை காலை நுனே அழைத்தாள். பின்னணியில் பாத்திரச் சத்தம். முட்டைக்குச் சிவப்பேற்ற வெங்காயத் தோலைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாளாம்.

"லுசாபெர் கண்ணு, உக்காந்திருக்கியா?"

"நின்னுக்கிட்டிருக்கேன். சொல்லுங்க."

"ஆறு கோப்பை சுருண்டிருச்சு. ஆறு நேரா நிக்குது. தெரெனிக் எதிர்லயே எல்லாத்தையும் கவுத்துப் பாத்தோம். இந்தா, தாளைப் படிக்கிறேன். சுருண்டது ரெண்டு, மூணு, ஏழு, எட்டு, பத்து, பன்னண்டு. எல்லாமே எரு. எரு இல்லாதது ஒண்ணுகூடச் சுருளலை. உன் மருந்து ஊத்தின மூணு இருக்கே, மண்ணுல வெறும் மருந்து, அது பக்கத்துல இருக்கிறதைவிடக் கொஞ்சம் தூக்கலா நிக்குது. தெரெனிக் மூணு தடவை அளந்து பாத்தாரு, வேற ஏதாவது வரும்னு."

லுசாபெர் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இப்ப உக்காந்துட்டேன்" என்றாள்.

"அழாதே, உன் வலி எனக்கு. அழ வேண்டியது நாங்க. இந்தாளுகிட்டக் குடுக்கிறேன், பேசு."

தெரெனிக், "தங்கச்சி" என்றார். டாக்டரம்மா போய்த் தங்கச்சி ஆகியிருந்தது. "நான் அன்னைக்கு வாங்கன்னு சொல்லலை. வாசல்ல நிக்கவச்சு அப்படியே கூட்டிட்டுப் போனேன். அது மனசுல குத்திக்கிட்டே இருக்கு."

"அதை விடுங்க. நாத்து இன்னும் அந்த மண்ணுலயேவா இருக்கு?"

"வேற எங்கே போகும்?"

"ஒரு மணி நேரம் ஆனாலும் நஷ்டம். எல்லாத்தையும் எடுத்து, வேரை அலசி, தோப்பு மண்ணுல மாத்தணும். குருத்து முழுக்கக் கருகாதது பிழைக்கும்."

"நாலாயிரத்தையா? நாளைக்குப் பண்டிகை, தங்கச்சி. நானும் இவளும் சேர்ந்தா ஒரு மாசம் ஆகும்."

"நாங்க வர்றோம்" என்றாள் லுசாபெர்.

மதியத்துக்குள் லுசாபெரோடு ரிப்சிமேயும், ஆய்வுக்கூடத்துப் பெண்கள் மூன்று பேரும், எல்லாரையும்விட ஆச்சரியமாக வாஹ்ராமும் வந்து இறங்கினார்கள். ஒத்துக்காதே என்று சொன்ன மனிதர் பழைய கால்சட்டையும் ரப்பர் காலணியும் போட்டு வந்திருந்தார். "நான் ஒண்ணும் ஒத்துக்கலை, வாளிதான் தூக்க வந்தேன்" என்றார். இந்த முறை தெரெனிக் தெருமுனைக்கே வந்து, வாங்க வாங்க என்று ஒவ்வொருவரையும் கன்னத்தில் முத்தமிட்டு அழைத்துப் போனார்.

வேலை ஒரு சங்கிலி மாதிரி ஓடியது. ஒருத்தி கோப்பையிலிருந்து நாற்றை உருவுவாள், அடுத்தவள் வாளித் தண்ணீரில் வேரை அலசுவாள், மூன்றாமவள் இன்னொரு வாளியில் மறுபடி அலசுவாள், நுனே புது மண்ணில் அழுத்துவாள். ஈரம் விரலைப் பிளந்தது. மாலையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கு பேர், முட்டைச் சாயம் ஒட்டிய சிவந்த விரல்களோடு வந்து சேர்ந்தார்கள். சாயங்காலக் கோயில் மணி அடித்தபோது ஆயிரத்து நூறு முடிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து செரோப் வந்தான். நுனேயின் தம்பி, மெலிந்த, வெட்கம் பிடித்த ஆள். எருக்கதை அதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றான். எல்லாரும் வேலையை நிறுத்தி அவனைப் பார்த்தார்கள்.

"மாமா, எனக்குத் தெரியாது" என்றான். "போன வருஷம் வைக்கோல் போதலை, வெளியில வாங்கினேன். மத்தியானம் வித்தவனுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். முள்ளு அதிகமா இருந்துச்சுன்னு மருந்து அடிச்சானாம். மாடு நல்லாத்தான் தின்னுச்சு, பால் குறையலை. நான் எப்படிக் கண்டேன்?"

தெரெனிக் அவனை மேலும் கீழும் பார்த்தார். நுனே கையிலிருந்த நாற்றை இறுக்கிக்கொண்டாள். இரண்டு வாரமாக அவர் வாயில் இருந்த வசவெல்லாம் இப்போது தன் தம்பி தலையில் கொட்டப்போகிறதென்று காத்திருந்தாள்.

"சும்மா குடுத்தியே, அதான் சந்தேகப்பட்டிருக்கணும்" என்றார் தெரெனிக். "உங்க குடும்பத்துல பொண்ணைத் தவிர எதையும் சும்மா குடுத்ததில்லையே."

"அந்தப் பொண்ணும் சும்மா வரலை, உன்னைச் சுமந்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் நுனே. குடிலே அதிர்ந்தது சிரிப்பில். செரோப் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வாளியைத் தூக்கினான்.

வேலைக்கு நடுவே அவன் லுசாபெரிடம் கேட்டான். "அக்கா, அந்த முள்ளு மருந்து என்ன ஜாதி?"

"அதுவும் வளையம்தான்" என்றாள் அவள். "என் முப்பத்தெட்டுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்னு சொல்லலாம். ஒரே மாதிரி நைட்ரஜன், ஒரே மாதிரி வட்டம். ஒண்ணு வேர் விடுன்னு சொல்லும். இன்னொண்ணு நிக்காம வளரு, சாகிற வரைக்கும் வளருன்னு சொல்லும்."

"குடும்பம்னா அப்படித்தான்" என்றான் செரோப், மைத்துனரை ஓரக்கண்ணால் பார்த்து.

ஞாயிறு காலை கோயில் முடிந்து, உலர்திராட்சை போட்ட சோறும் மீனும் சாப்பிட்டு, முட்டை மோதி விளையாடி, மறுபடி எல்லாரும் குடிலுக்கு வந்தார்கள். திங்கள் கல்லறைகளுக்குப் போகிற நாள். போய்வந்து மதியம் மிச்சத்தை முடித்தார்கள். கடைசி நாற்றை நட்டது வாஹ்ராம்தான். கோணலாக நட்டார். யாரும் அதைத் திருத்தவில்லை.

பிறகு காத்திருப்பு. பத்து நாள் கழித்து லுசாபெர் தனியாகப் போனாள். பழைய இலைகள் சுருண்டபடியேதான் இருந்தன. அவை இனி நிமிராது. ஆனால் அவற்றின் நடுவிலிருந்து புதுக் குருத்து கிளம்பியிருந்தது, தட்டையாக, நேராக, தக்காளி இலைக்கே உரிய அந்தக் கூர் வாசனையோடு. அவள் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள், இன்னொன்றை, இன்னொன்றை. மேசை மேசையாக நடந்தாள். எண்ணூற்றுச் சொச்சம் கருகிப்போயிருந்தது. மூவாயிரத்துக்கு மேல் உயிரோடு நின்றது. மே மாத நடவுக்குப் பத்து நாள் தாமதம். அந்த இருநூறை ஒப்பந்தப்படி அழித்துவிட்டு, மற்றவைக்கும் மருந்து ஊற்றியதைச் சொல்லியே வாங்குகிறவர்களிடம் தெரெனிக் பேசிவிட்டார், காத்திருக்கிறோம் என்றார்களாம்.

நடந்துகொண்டே அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். நெஞ்சுக்கூட்டுக்குள் இத்தனை இடம் இருந்ததா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

"தங்கச்சி" என்று பின்னாலேயே வந்த தெரெனிக் குரலைத் தாழ்த்தினார். "அந்த முப்பத்தெட்டு இன்னொரு போத்தல் கிடைக்குமா? யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"கிடைக்காது."

"அரைப் போத்தல்?"

"அண்ணா, இன்னும் எலிக்குக் குடுத்துப் பாக்கணும், மீனுக்குப் பாக்கணும், மண்ணுல எத்தனை நாள் நிக்குதுன்னு பாக்கணும். மூணு, நாலு வருஷம் ஆகும். அதுக்கப்புறமும் இது ஒண்ணுக்கும் ஆகாதுன்னு தெரியவரலாம். அடுத்த வருஷம் ரெண்டு தட்டு வைக்கிறதா இருந்தா சொல்லுங்க. ரெண்டே ரெண்டு தட்டு."

"நாலு வருஷமா?" தெரெனிக் வாயைப் பிளந்தார். "செடியை வேகமா வளக்கிற மருந்தை இத்தனை மெதுவாவா செய்வாங்க?"

லுசாபெர் வாய்விட்டுச் சிரித்தாள். நெடுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு, அடக்க முடியாமல் கண்ணில் நீர் வரும்வரை போனது. அதைப் பார்த்து அவரும் சிரித்தார். ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு நுனே உள்ளிருந்து வந்தாள்.

வெளியே செரோப் எருவை மண்வெட்டியால் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். கோதுமை வயலில் போட்டால் கோதுமைக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் இரண்டு வருஷம் அங்கே அவரையோ தக்காளியோ போடக் கூடாது, வைக்கோலையும் அந்த வயலைத் தாண்டி வெளியே விடக் கூடாது என்று லுசாபெர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.

மாலை வேனில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. நுனே கட்டிக்கொடுத்த பொட்டலத்தில் லவாஷ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பச்சை மூலிகையும் இருந்தன. ஊர் எல்லையைத் தாண்டுமுன்பே அதை அவிழ்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள். பக்கத்து இருக்கைக்காரர் ஒரு கவளத்துக்கு ஆசைப்பட்டதுபோலப் பார்த்தார். பிய்த்து அவருக்கும் கொடுத்தாள்.